கோலாலம்பூரை ஒரே கோட்டில் வரைந்தால் நடுவில் எந்தக் கோபுரம்?

அச்சுக்கூடத்தான் · திங்கள், இரவு 9.12

வணக்கம் மக்களே. ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலருக்கு அட்டை வரைந்து தரும் வேலை வந்திருக்கிறது. தலைமையாசிரியர் கேட்டது ரொம்ப எளிது. "கீழே நம்ம ஊர் கோபுரமெல்லாம் கறுப்பு நிழலா வரட்டும், மேலே பள்ளிப் பெயர்." அரை நாள் வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று நாளாகிறது.

அளவு மாறாமல் வரைந்து பார்த்தேன். மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர். அதற்கு அட்டையில் 20 சென்டிமீட்டர் ஒதுக்கினால், 451.9 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 13.3 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது. கேஎல் கோபுரம் 12.4. மேபேங்க் கட்டடம் 7 சொச்சம். டாயாபூமி 5கூட இல்லை. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்து மணிக்கூண்டு 1.2, அதாவது என் சுண்டுவிரல் நகம். கோலாலம்பூர் மாதிரியே இல்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிற மாதிரி இருக்கிறது. கம்பத்தின் முனை வேறு பள்ளிப் பெயரில் இருக்கும் 'ளி'யைக் குத்துகிறது.

118ஐச் சின்னதாக்கினால் பொய். விட்டுவிட்டால் அது பழைய கோலாலம்பூர். நீங்கள் வரைந்தால் நடுவில் எதை வைப்பீர்கள்?

செந்தூல்பையன் · திங்கள், இரவு 9.31

இதெல்லாம் ஒரு கேள்வியா லா? இரட்டைக் கோபுரம்தான். மற்றதெல்லாம் பக்கவாத்தியம்.

118இன் உயரத்தில் பாதி ஏமாற்று. கடைசி நூற்றைம்பது மீட்டருக்கு மேல் வெறும் ஊசி, அங்கே ஆள் கிடையாது, நாற்காலி கிடையாது. ஊசியைக் கழித்துவிட்டு அளங்கள், அப்புறம் பேசலாம்.

புடுவாசி · திங்கள், இரவு 9.50

செந்தூலில் இருந்துகொண்டு பேசினால் அப்படித்தான் இருக்கும். எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைச் சன்னலைத் திறந்தால் 118தான். காலையில் அரிசி கழுவும்போது பார்த்துக்கொண்டே நிற்பேன். முகப்பு முழுக்க முக்கோணம் முக்கோணமாக வெட்டிய கண்ணாடி. வெயில் ஏற ஏற ஒரு பக்கம் பளிச்சென்றும் அடுத்த பக்கம் சாம்பலாகவும் மாறிக்கொண்டே வரும். மழை இறங்கினால் மேல் பாதி காணாமலே போய்விடும். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும்.

இன்னொன்று. அது நிற்கிற இடம் சாதாரண இடமா? பக்கத்திலேயே மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்ட் 31 காலையில் நம் முதல் பிரதமர் துங்கு கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கிய இடம். அந்தக் கையைத்தான் கோபுரமாக்கினோம் என்று கட்டியவர்களே சொல்கிறார்கள். பள்ளி மலருக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

செந்தூல்பையன் · திங்கள், இரவு 9.58

கை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கை மாதிரி தெரிகிறது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்காவது தோன்றியிருக்குமா?

தூணும்உத்தரமும் · திங்கள், இரவு 10.26

//ஊசியைக் கழித்துவிட்டு அளங்கள்//

தம்பி, உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இதைச் சொல்லலாம். கோலாலம்பூர்க்காரன் சொல்லக்கூடாது.

1996இல் சிகாகோக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சொன்னது இதேதான். அவர்களுடைய சியர்ஸ் கோபுரம் 110 மாடி, கூரை 442 மீட்டர். நம்முடையது 88 மாடி. நம் கடைசி மாடி சுமார் 375 மீட்டரில் முடிந்துவிடுகிறது, அவர்களுடையது 410ஐத் தாண்டும். அங்கே மேலே உட்கார்ந்து வேலை செய்கிறவன் நம் ஆளைக் குனிந்து பார்க்கலாம். ஆனாலும் உலகத்திலேயே உயரமான கட்டடம் எது என்பதில், உயரமான கட்டடங்களுக்கான பன்னாட்டு மன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம் ஊசி. இரட்டைக் கோபுரத்தின் 73 மீட்டர் சொச்சம் முனை கட்டடத்தோடு சேர்த்தே வடிவமைத்தது, அதனால் கணக்கில் சேரும். சியர்ஸ் தலையில் இருப்பது ஆண்டெனா, கழற்றி மாட்டுகிற சாமான், சேராது. சிகாகோவில் ஒரே கூச்சல். கடைசியில் மன்றம் உயரத்தை நாலு வகையாகப் பிரித்தது. கட்டட முனை, ஆள் புழங்கும் கடைசி மாடி, கூரை, ஆண்டெனா நுனி என்று. அதில் முதல் வகைதான் நமக்கு. மாடியும் கூரையும் சிகாகோவுக்கே போயின.

அன்றைக்குக் கைதட்டி வாங்கிக்கொண்ட நியாயத்தை இன்றைக்கு 118க்கு மட்டும் இல்லை என்றால் எப்படி? 2004இல் தைப்பே 101 வந்து நம் பட்டத்தைப் பறித்ததே, அதுவும் முனையோடு சேர்த்துத்தான்.

ஆனால் அட்டை விஷயத்தில் நான் செந்தூல் தம்பி கட்சி. உயரத்துக்காக இல்லை, இடைவெளிக்காக. கறுப்பு நிழலில் வரைந்தால் உலகத்தில் பாதிக் கோபுரங்கள் பென்சில் மாதிரிதான் இருக்கும். இரண்டு ஒரே மாதிரி உருவம், நடுவில் வானம், அந்த வானத்துக்குக் குறுக்கே ஒரு பாலம் என்றால் ஊர் பெயரை எழுதவே வேண்டாம். வரைந்த சீசர் பெல்லி அந்த நடுவெளியைத்தான் பெரிதாகப் பேசினார். கட்டியது பாதி, கட்டாமல் விட்டது பாதி.

சென்னை_மடிப்பாக்கம் · திங்கள், இரவு 11.05

வெளியூர்க்காரன் நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இரண்டு வருஷம் முன்னால் சுற்றுலா வந்தபோது அந்தப் பாலத்தில் நடந்தேன். வழிகாட்டி "இந்தப் பாலம் கோபுரத்தோடு ஒட்டவில்லை" என்று சொன்னதும் என் மாமியார் அங்கேயே நின்றுவிட்டார், நகரவே இல்லை. உண்மையா அது?

தூணும்உத்தரமும் · திங்கள், இரவு 11.20

உண்மைதான், ஆனால் அதுதான் பாதுகாப்பு. காற்றில் இரண்டு கோபுரமும் ஆடும், ஆனால் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஆடும் என்று சொல்ல முடியாது. பாலத்தை இறுக்கி முடுக்கிவிட்டால் ஒருநாள் பிய்ந்துவிடும். அதனால் 58 மீட்டர் பாலம் 41, 42ஆம் மாடிகளில் இரு முனையிலும் வழுக்கிக்கொடுக்கும். பாரத்தைத் தாங்குவது கீழே கவட்டை மாதிரி விரிந்து 29ஆம் மாடியில் ஊன்றியிருக்கும் இரண்டு கால்கள். இடியாப்ப உழக்கை இரண்டு கையாலும் பிடிக்கிறோமே, கை கொஞ்சம் அசைந்தாலும் உழக்கு நடுவில்தானே நிற்கும், அப்படி. மாமியாரிடம் சொல்லுங்கள்.

கியூப்காரர் · செவ்வாய், காலை 6.40

நேற்று இரவே எழுத நினைத்தேன், கண் அசந்துவிட்டது. இரட்டைக் கோபுரம் கட்டும்போது நான் அங்கே வேலை செய்தவன். பெரிய ஆள் எல்லாம் இல்லை. ஒரு துணைக் குத்தகையாளரிடம் கான்கிரீட் சோதிக்கிற பையன், வயது 23.

மேலே இருப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கோபுரம் என்றால் கீழேதான். கோலாலம்பூருக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பத்துமலை குகை எந்தக் கல்லோ அதே கல் ஊருக்குக் கீழேயும் ஓடுகிறது, அதே மாதிரி பொந்தும் குகையுமாக. முதலில் குறித்த இடத்தில் மண்ணைத் துளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பாறை கிட்டத்திலேயே தட்டுப்படுகிறது, இன்னொரு பக்கம் செங்குத்தாக இறங்கிவிடுகிறது. அப்படியே கட்டினால் கோபுரம் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் வரைபடத்தையே தூக்கி 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். புது இடத்தில் பாறை ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. ஆக, கோபுரம் பாறைமேல் நிற்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் 104 கான்கிரீட் கால்கள், 60 மீட்டரிலிருந்து 114 மீட்டர் வரை மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் பிடியிலேயே நிற்கின்றன. கீழே இருந்த பொந்துகளில் சிமெண்டுக் குழம்பை ஏற்றி அடைத்தார்கள்.

அதன்மேல் நாலரை மீட்டர் கனத்துக்கு ஒரே பலகை. 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை நிறுத்தாமல் 54 மணி நேரம் ஊற்றினார்கள். லோரி வரிசை முடிவே இல்லாமல் வரும். ஒவ்வொரு லோரியிலும் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் கொட்டி, கம்பியால் குத்தி, மேலே கரண்டியால் மழித்துத் தேதி கீறுவேன். இரண்டாம் நாள் இரவு தேதி எழுதப் போனேன், என்ன தேதி என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த வங்காளதேசத்து நண்பரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

இன்னொன்று சொல்லவேண்டும். சாதாரண வீட்டுக் கான்கிரீட் கட்டியை எந்திரத்தில் வைத்து அமுக்கினால் நெறுநெறுவென்று ஓரம் உதிர்ந்து, சோர்ந்துபோய் உடையும். இந்தக் கோபுரத்துக் கீழ்த் தூண்களுக்குப் போட்டது 80 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும் கலவை. அது உடையாது. உடையாது, உடையாது, முள் ஏறிக்கொண்டே போகும், திடீரென்று வெடி போட்டது மாதிரி ஒரே சத்தம். எந்திரத்துக்கு முன்னால் கம்பிவலைக் கதவு மாட்டிய பிறகுதான் எங்களை விட்டார்கள். இப்போதும் தீபாவளி வெடிக்கு என் பேத்தி துள்ளுவாள், எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

சென்னை_மடிப்பாக்கம் · செவ்வாய், காலை 8.15

ஐயா, இதைப் படித்துவிட்டுக் காபி ஆறிப்போனது. உலகத்திலேயே உயரமான கட்டடம் என்றால் இரும்புச் சட்டம்தானே போடுவார்கள்? ஏன் கான்கிரீட்?

கியூப்காரர் · செவ்வாய், காலை 9.02

அவ்வளவு இரும்பையும் வெளியிலிருந்து இறக்க வேண்டியிருக்கும், விலை கட்டாது. கான்கிரீட் நம் ஆட்களுக்குப் பழகிய வேலை. காற்றில் ஆடுவதும் குறையும், எடை இருக்கிறதல்லவா. எடை இருப்பதனால்தான் அடித்தளத்துக்கு அந்தப் பாடு. ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

சொல்ல மறந்தேன், ஒரு கோபுரம் ஜப்பான்காரர், ஒரு கோபுரம் கொரியாக்காரர். ஹசாமா தலைமையில் முதல் கோபுரம், சாம்சுங் பக்கம் இரண்டாவது. மதியம் தே தாரேக் குடிக்கிற கடையில் நாங்கள் எத்தனையாவது மாடி, நீங்கள் எத்தனையாவது மாடி என்று தினமும் கணக்குப் பார்ப்போம். காற்பந்து மாதிரி.

கிள்ளான்_அக்கா · செவ்வாய், பகல் 1.30

ஆண்கள் எல்லாம் மீட்டரும் டன்னும் பேசி முடித்தாகிவிட்டதா?

இரட்டைக் கோபுரம் நிற்கிற அந்த இடம் முன்னால் என்ன தெரியுமா? குதிரைப் பந்தயத் திடல். சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றம் அங்கேதான் இருந்தது, பிறகுதான் சுங்கை பெசிப் பக்கம் போனது. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். சனி ஞாயிறில் அம்பாங் சாலை முழுக்கக் காடி நின்று கிடக்கும் என்பார். சம்பளத்தை அங்கே விட்டுவிட்டு நடந்தே பிரிக்பீல்ட்ஸ் திரும்பிய சிநேகிதர்களின் கதை எல்லாம் அவரிடம் உண்டு. தான் போனதாக மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டார்.

அந்த நிலத்தை வாங்கி நகரமாக்க முன்னே நின்றவர் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன். அவரும் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைதான், இலங்கைத் தமிழ்க் குடும்பம். விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, அப்புறம் விக்டோரியா கல்விக்கூடத்துக்குப் போனவர். 2024 நவம்பரில் காலமானார். அச்சுக்கூடத்தான் தம்பி, இதைக் கவனி: விக்டோரியா கல்விக்கூடம் எங்கே இருக்கிறது? 118இன் காலடியில். இரட்டைக் கோபுரத்துக்குக் காரணமான மனிதர் பள்ளிச் சீருடையில் நடந்த மேட்டில்தான் இப்போது அதைவிட உயரமானது நிற்கிறது.

என்னைக் கேட்டால் நடுவில் வரைய வேண்டியது இரண்டும் இல்லை. ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில் கோபுரம். 1873இல் தொடங்கிய கோயில். தைப்பூசத்துக்காக இரவில் வெள்ளி ரதம் புறப்படும்போது வாசலில் நின்று திரும்பிப் பார், ராஜகோபுரத்துக்குப் பின்னால் 118 விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும். நான் இந்த வருஷம் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி, "இது எப்ப முளைச்சது?" என்று கேட்டார். ஏதோ தோட்டத்து வாழை மாதிரி.

அச்சுக்கூடத்தான் · செவ்வாய், மாலை 6.10

அக்கா, கும்பிடுகிறேன். ஆனால் ராஜகோபுரம் 22.9 மீட்டர். என் அட்டையில் அது 7 மில்லிமீட்டர். மையில் ஒரு பிசிறு விழுந்தால் கோயிலே போச்சு. பத்துமலை முருகன் சிலையும் (42.7 மீட்டர்) மணிக்கூண்டும் ஒரே உயரம் வருகின்றன, பார்க்க சதுரங்கக் காய் மாதிரி.

செந்தூல்பையன் · செவ்வாய், மாலை 6.22

கேஎல் கோபுரத்தை யாரும் கண்டுகொள்ளவே இல்லையே. சின்ன வயதில் எங்கள் தெருவில் பந்தயமே நடக்கும், அதுதான் இரட்டைக் கோபுரத்தைவிட உயரம் என்று. நான் இரண்டு வெள்ளி தோற்றேன்.

ஏரிக்கரை_கேமரா · செவ்வாய், இரவு 8.45

உங்கள் தெருப் பையன்கள் கண்ணை நம்பினார்கள், கண் பொய் சொல்லவில்லை. கேஎல் கோபுரம் 421 மீட்டர்தான், ஆனால் நிற்பது புக்கிட் நானாஸ் குன்றின் மேல். கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால் அதன் நுனி 515 மீட்டர். ஊரில் பல பக்கங்களிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரத்துக்கு ஒரு தலை மேலேதான் இருக்கும். அந்த இரண்டு வெள்ளியைத் திருப்பிக் கேட்க முடியாது. (அந்தக் கோபுரத்து அடியில் ஒரு பழைய ஜெலுத்தோங் மரம் உண்டு. அதை வெட்டாமல் கட்டடத்தைத் தள்ளி வைத்து, மரத்தைச் சுற்றித் தாங்குசுவர் எழுப்பினார்கள். மேலே போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை.)

அச்சுக்கூடத்தான் அண்ணே, உங்கள் சிக்கல் உயரத்தில் இல்லை. எல்லாக் கோபுரத்தையும் ஒரே சுவரில் சாத்தி வைத்து அளந்திருக்கிறீர்கள். ஊரில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நிற்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது.

பத்து வருஷமாக வாரம் தவறாமல் தித்திவங்சா ஏரிக்கரையில் காலைப் படம் எடுக்கிறேன். அங்கிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு இரண்டரை கிலோமீட்டருக்குள்தான். 118க்கு நாலு கிலோமீட்டர். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கரையில் நின்றால் இரட்டைக் கோபுரம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. 118உம் கேஎல் கோபுரமும் ஏறக்குறைய ஒரே தோளுயரம். யாரையும் சின்னதாக்க வேண்டாம், பொய்யும் இல்லை. இடைவெளி மட்டும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்.

வடக்கே இருக்கிறவனுக்கு இரட்டை, தெற்கே இருக்கிறவனுக்கு 118. புடுவாசியும் செந்தூல்பையனும் இரண்டு நாளாகச் சண்டை போடுவது கோபுரத்தைப் பற்றி இல்லை, வீட்டு விலாசத்தைப் பற்றி.

புடுவாசி · செவ்வாய், இரவு 9.03

அப்படியானால் நான் வரையும் அட்டையில் 118தான் நடுவில். இதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

தூணும்உத்தரமும் · செவ்வாய், இரவு 9.15

இதில் வேடிக்கை, கிட்டப் போனால் எதுவுமே தெரியாது. கோம்பாக் பக்கமிருந்து எல்ஆர்டியில் வருகிறவர்களுக்குத் தெரியும். மேம்பாலத்தில் ஓடும்வரை கோபுரம் கண்ணெதிரே நிற்கும், டாமாய் தாண்டியதும் ரயில் மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்புறம் கேஎல்சிசி நிலையத்தில் இறங்கினால் பேரங்காடி, படிக்கட்டு, துணிக்கடை. கோபுரத்துக்கு அடியிலேயே நின்றுகொண்டு "கோபுரம் எங்கே?" என்று கேட்கிற சுற்றுலாக்காரரை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அச்சுக்கூடத்தான் · சனி, மாலை 4.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். வியாழக்கிழமை பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியரிடம் கேட்டு, நாலாம் ஆண்டு வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து "கோலாலம்பூரை வரைங்க" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

முப்பது பிள்ளைகளில் நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் இரண்டு கோடு போட்டு நடுவில் பாலம் வைத்துவிட்டார்கள். பாலம் இருக்கிற இடம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு உச்சியில், சிலருக்குத் தரைக்கு ஒரு சாண் மேலே. ஒருத்தி பாலத்தில் ரயில் விட்டிருந்தாள். இரண்டு பேர் பத்துமலை முருகன். ஒரு பையன் மட்டும் ஒற்றைக் கோபுரம் வரைந்து, அதைச் சுற்றிச் சதுரமாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கீழே கயிறு கட்டிச் சட்டை காயப்போட்டிருந்தான். "இது என்னய்யா?" என்றேன். "எங்க வீட்டுச் சன்னல் சார்" என்றான். புடுவாசி, உங்கள் அடுக்குமாடியாகத்தான் இருக்க வேண்டும்.

ஏரிக்கரை சொன்னபடி வரைந்துவிட்டேன். நேற்று விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அந்தக் கரையில் போய் நின்று, பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து ஒவ்வொன்றையும் அளந்தேன். நடந்துபோன சீனத்துத் தாத்தா ஒருவர் நின்று நானும் அளக்கட்டுமா என்று பென்சிலை வாங்கிப் பார்த்தார். இரட்டைக் கோபுரம் 17 சென்டிமீட்டர், மற்ற இரண்டும் பதினான்கரையை ஒட்டி. 'ளி' தப்பித்தது. சட்டை காயும் சன்னலைப் பின் அட்டையில் தனியாகப் போடுகிறேன், பையனின் கோட்டிலேயே.

அக்காவின் ராஜகோபுரம் உள்பக்கத்தில் முழுத்தாளுக்கு வருகிறது. பின்னால் 118, விளக்குடன்.

ஒரே ஒரு இடத்தில் கையை வைத்தேன். பாலத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கவட்டைக் கால்கள், அளவுப்படி போட்டால் அரை மில்லிமீட்டர்கூட வரவில்லை. கறுப்பு மையில் அது நிற்காது. அதனால் கொஞ்சம் தடிமனாக்கினேன். தூணும்உத்தரமும் அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூணும்உத்தரமும் · சனி, மாலை 5.02

பொறுத்தேன். 29ஆம் மாடியில்தானே ஊன்றியிருக்கிறீர்கள்?

அச்சுக்கூடத்தான் · சனி, மாலை 5.20

31 மாதிரி வந்துவிட்டது அண்ணே. அச்சுப் பிளேட் போட்டாகிவிட்டது.